ஒட்டுப்போட்ட தண்டவாளமும் ஒரு மேல் அறையும்

1

சித்திரை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் கட்டடத்தின் கடைசி உருக்கு விட்டத்தை ஏற்றினோம். எங்கள் கட்டடம் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அதில் ஒரு ஜன்னல்கூட எனக்குச் சொந்தமில்லை. கண்ணாடி பூட்டி முடிந்தபின் வாசலில் நிற்கப்போகும் காவலாளி என்னை உள்ளே விடவும் மாட்டான். ஆனாலும் நாற்பத்திரண்டு மாடிக்கும் போல்ற் முறுக்கியவர்களில் நானும் ஒருவன். ரொறன்ரோ நகரத்தில் இப்படி ஏழு கட்டடங்களை எங்கள் கட்டடம் என்று சொல்லிக்கொள்கிறேன். மறுத்துப் பேச யாரும் இல்லாதபடியால் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி விட்டத்துக்கு வெள்ளை அடித்து நிலத்தில் வைப்பார்கள். வேலை செய்த எல்லோரும் அதில் பெயர் எழுதலாம். பிறகு அதன்மேல் ஒரு சின்ன ஊசியிலை மரத்தைக் கட்டி, கிரேனில் கொளுவி ஏற்றுவார்கள். ஏன் மரம் என்று எங்கள் மேற்பார்வையாளன், போர்மன் வெய்னிடம் கேட்டேன். தனக்குத் தெரியாது, தன் அப்பாவும் இதே தொழில்தான், அவருக்கும் தெரியாது என்றான். எங்கள் ஊரிலும் கூரைக்கு வளை ஏற்றும்போது மஞ்சள் துணியில் ஒரு முடிச்சுக் கட்டுகிறோம். ஏன் என்று கேட்டால் ஆளையாள் பார்ப்பார்கள். கட்டாமல் ஏற்றத்தான் ஒருவருக்கும் துணிவில்லை.

என் முறை வந்தபோது பெயருக்குப் பதிலாகத் தமிழில் வட்டக்கச்சி என்று எழுதினேன். வெய்ன் குனிந்து பார்த்து, மனைவியின் பெயரா என்றான். ஓம் என்று தலையாட்டினேன். கிளிநொச்சிக்குக் கிழக்கே, வாய்க்காலும் வயலுமாகக் கிடக்கும் ஓர் ஊர் என்று விளக்கம் சொல்ல அங்கே நேரம் இல்லை. கிரேன்காரன் காத்துக்கொண்டிருந்தான்.

அன்று காலையில் ஏரிப்பக்கமிருந்து மூடுபனி வந்து நகரத்தை முழுதாக மூடியிருந்தது. கீழே தெருவும் இல்லை, காரும் இல்லை. நாங்கள் நாலு பேர், நாலு தூண், சுற்றிவர வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து வட்டக்கச்சி மெதுவாக மேலே வந்தது. ஒரு முனையை நான் பிடித்து, துளைக்குத் துளை சேர்த்து, முதல் போல்றைச் செலுத்தினேன். கொஞ்ச நேரம் எனக்கு எந்த ஊரில் நிற்கிறேன் என்பது மறந்துபோயிற்று. அதைக் கனவு என்று சொன்னால் சிரிப்பீர்கள். இடுப்பில் பதினைந்து கிலோ இரும்புச் சாமானுடன் யாரும் கனவு காண்பதில்லை.

பனி கலைந்ததும் படம் எடுத்து ஐயாவுக்கு அனுப்பினேன். ஐயா என்றால் என் அப்பா. எழுபத்தொன்பது வயது. தங்கச்சி வதனியோடும் அவள் புருஷன் ரூபனோடும் வட்டக்கச்சியில் இருக்கிறார். பதினாறு வருடமாக நான் அவருக்கு அனுப்பும் படமெல்லாம் உயரத்தில் எடுத்தவைதான். பின்னால் மேகம், முன்னால் நான்.

அனுப்பாத படம் ஒன்று உண்டு. மாலையில் வீட்டுக்கு வந்து, மனைவியும் மகளும் இருக்கும் இரண்டு மாடியையும் விட்டுவிட்டு, படியிறங்கி, நிலத்துக்குக் கீழே பேஸ்மன்றில் உள்ள என் படுக்கையில் போய் விழுவேன். தரைமட்டத்தில் சின்னதாக ஒரு ஜன்னல். அதில் புல்லின் வேரும் அணிலின் காலும் தெரியும். வந்த புதிதில் பன்னிரண்டாவது மாடியில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்தோம். அந்த ஆறு மாதமும் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. சொந்த வீடு வாங்கிய பிறகும் கீழே போனால்தான் கண் மூடுகிறது. வீட்டுக்கு வரும் உறவினர்கள் எங்கள் இருவருக்குள்ளும் ஏதோ பிரச்சினை என்று ஊகித்து, மனைவி சுகந்தியைக் குசினிக்குள் கூட்டிப்போய் விசாரிக்கிறார்கள். அவள் என்னத்தைச் சொல்வாள்?

உண்மை இதுதான். எனக்கு உயரம் பயம். முதல் நாளும் பயம், நேற்றும் பயம். கூலிக்காகத் தொடங்கி, கெட்டிக்காரன் என்று பெயர் வந்துவிட்டதால் விடமுடியாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

2

மகள் ஆரணிக்குப் பதினொரு வயது. தமிழ் விளங்கும். பேசும்போது மட்டும் சொற்களைக் கடன் கொடுப்பவள் போல ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். பள்ளிக்கூடத்தில், பழைய காலத்து மனிதர்கள் ஏன் உயரமான கட்டடம் கட்டவில்லை என்று எழுதி வரச் சொன்னார்களாம். வீட்டில் ஓர் இரும்புக்காரன் இருப்பது முதல்முறையாக அவளுக்குப் பயன்பட்டது.

செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மேலே உள்ளதன் பாரமெல்லாம் கீழே உள்ள கல்லுக்குத்தான் என்றேன். உயர உயரக் கீழ்ச் சுவர் தடித்துக்கொண்டே போகவேண்டும். சிக்காகோவில் பதினாறு மாடிக்குச் செங்கல்லிலேயே ஒரு கட்டடம் கட்டினார்கள். அதன் அடிச்சுவர் ஆறடித் தடிப்பு. இன்னும் பத்து மாடி ஏற்ற வெளிக்கிட்டிருந்தால் கீழே அறை வைக்க இடம் இருந்திருக்காது. எல்லாம் சுவராகவே போயிருக்கும்.

"அப்ப எப்பிடிச் செய்தவை?"

"சுவரைக் கேக்காமல் விட்டிட்டினம். முதல்லை எலும்புக்கூட்டை நிப்பாட்டினவை. உருக்குத் தூண், உருக்கு விட்டம். பாரம் முழுக்க அதுக்கு. சுவர் வெறும் தோல்."

"அப்ப சுவர் இல்லாட்டிலும் நிக்குமா?"

"அப்பா வேலை செய்யேக்கை சுவர் எங்கை இருக்கு? சும்மா காத்துத்தான்."

அவள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். இத்தனை வருடமாக நான் எங்கே போய் வருகிறேன் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

இரும்பு முன்னரும் இருந்ததே என்று கேட்டாள். இருந்தது. அச்சில் வார்த்த இரும்பு கல்லுப் போலக் கடினம். நசுக்கினால் தாங்கும், இழுத்தால் பட்டென்று உடையும். உருகிய இரும்புக்குள்ளே காற்றை ஊதி, உள்ளேயிருக்கும் கரியை எரித்து, மலிவாக உருக்குச் செய்யப் பழகிய பிறகுதான் காரியம் நடந்தது. அந்த உருக்கு முதலில் கட்டடத்துக்கு வரவில்லை. தண்டவாளத்துக்குப் போனது. தண்டவாளம் உருட்டிய அதே ஆலைகளில்தான் பின்னர் விட்டம் உருட்டினார்கள். அந்தக் குடும்பத்தில் தண்டவாளம் மூத்த பிள்ளை, விட்டம் இளையது.

"உயரத்துக்கு ஏத்தது கடினமான இரும்பில்லை, பிள்ளை. வளையத் தெரிஞ்ச இரும்பு. பாரம் கூடினால் முதல்லை வளையும். வளைஞ்சு, எனக்கு ஏலாது எண்டு சொல்லும். நாங்கள் ஓடித் தப்பலாம். கடினமானது ஒண்டும் சொல்லாமல் உடையும்."

அவள் மேசையில் இருந்த பிஸ்கற்றை எடுத்து முறித்தாள். பிறகு தன் கொப்பியில் கடதாசிகளைக் கவ்வியிருந்த கம்பியைக் கழற்றி வளைத்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். அவளுக்கு அதற்கு நல்ல புள்ளி கிடைத்தது.

3

நான் முதன்முதலாகத் தொட்ட தண்டவாளம் ரயில் ஓடாத தண்டவாளம். எங்கள் பக்கத்தில் ரயில் நின்று, பாதையைக் காடு மூடிய காலம். பாதையில் கிடந்த தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் ஒவ்வொன்றாக எழும்பி, பங்கர் என்று நாங்கள் சொல்லும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போய்க்கொண்டிருந்தன. ஐயா நாலு துண்டு கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் ஒன்பதடி. நாலு பேர் தோள் கொடுத்தால்தான் ஒன்று நகரும். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, தண்டவாளங்களைக் குறுக்கே போட்டு, அதன்மேல் மரக்குற்றி, அதன்மேல் மண்மூட்டை.

குழிக்குள் எங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஆக உள்ளே நான், எனக்குப் பக்கத்தில் தங்கச்சி, பிறகு அம்மா. வாசல் பக்கம் ஐயா. அந்த ஒழுங்கை அவர் ஒருநாளும் மாற்ற விட்டதில்லை. ஒருநாள் மத்தியானம் பின்வளவுப் பாலைமரம் செல் வெடித்து முறிந்து எங்கள் தலைக்கு நேரே விழுந்தது. உலகம் ஒருமுறை அமிழ்ந்து எழும்பியது. மண் கொட்டியது, மூச்சு முட்டியது. தண்டவாளம் அசையவில்லை. ஐயா கையை நீட்டித் தொட்டுப் பார்த்து, "கிடக்கு," என்றார். அந்த ஒரு சொல்லில் நாலு பேரும் உயிர் பிழைத்தோம்.

கனடாவில் என் அகதி விசாரணையில் இந்தக் கதையைச் சொன்னேன். அதிகாரி நல்ல மனுசி. பேனையைக் கீழே வைத்துவிட்டு, தண்டவாளங்களை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். வாங்கவில்லை என்றேன். அப்படியானால் யார் அனுமதி தந்தார்கள்? மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ரயிலே இல்லாத ஊரில் அனுமதி தருவதற்கு யார் இருக்கிறார்கள் என்பதை எந்த மொழியில் சொன்னாலும் அந்தக் கோப்பில் எழுத இடமிருக்கவில்லை. பிறகு இரும்பு வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது முன் அனுபவம் என்ற கட்டத்தில், தண்டவாளம் சுமந்திருக்கிறேன் என்று எழுதினேன். வெய்ன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது குழி தூர்ந்துபோய்க் கிடந்தது. ஐயா அலவாங்கு கொண்டு கிண்டி இரண்டு துண்டுகளை மீட்டார். மற்ற இரண்டையும் யாரோ பழைய இரும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு ரயில் பாதையைத் திரும்பவும் போட்டார்கள். யாராவது வந்து கேட்டால் சொல்லுவதற்கு ஐயா ஒரு பதிலை ஆயத்தமாக வைத்திருந்தாராம். ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

4

நான் அனுப்பிய படத்துக்கு ஐயாவின் பதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. வட்ஸ்அப்பில் அவரே அழைத்தார். அவர் கைபேசியைப் பிடித்தால் பெரும்பாலும் காதுதான் தெரியும்.

"மோனை, நீ மட்டும்தான் தீராந்தி ஏத்துவியோ? இஞ்சை பார்."

தீராந்தி என்றால் விட்டம்தான், சுவருக்குச் சுவர் குறுக்கே கிடந்து மேல்பாரத்தைத் தாங்குவது. வதனி கைபேசியை வாங்கி நிமிர்த்திக் காட்டினாள். வீட்டின் முன்பக்கம் புதிதாக ஓர் அறை எழும்பியிருந்தது. சுவரும் தூணும் முடிந்து, மேலே தற்காலிகமாகத் தகரம். தகரத்துக்குக் கீழே, பதினாறடி அகலத்துக்குக் குறுக்கே, மஞ்சள் துணியும் குங்குமப் பொட்டுமாகக் கிடந்தது எங்கள் பங்கர்த் தண்டவாளம்.

"ஐயாதான் ஒற்றைக் காலிலை நிண்டவர்," என்றாள் வதனி. "எங்களைக் காப்பாத்தின இரும்பு, சும்மா முற்றத்திலை கிடக்கக்கூடாதெண்டு. ஆவணியிலை மேலை கொங்கிறீற் போடப்போறம். மேலை ஒரு அறை."

ஒன்பதடித் துண்டு எப்படிப் பதினாறடிக்கு எட்டியது?

"வதனி, நடுவுக்குக் கொண்டுபோ. கிட்ட... இன்னும் கிட்ட."

இரண்டு துண்டுகளையும் முனைக்கு முனை வைத்து நடுவில் வெல்டிங் செய்திருந்தார்கள். பக்கத்து ஊரான முரசுமோட்டையில் கேற்றும் ஜன்னல் கிறாதியும் செய்யும் ஒருவரின் வேலை. பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தண்டவாளம் கட்டட உருக்கைப் போல் அல்ல. சில்லு ஓடித் தேயாமல் இருக்க வேண்டுமென்று கரி கூட்டிச் செய்த கடினமான உருக்கு. சூடாக்கும் முறை தெரியாமல் ஒட்டினால், ஒட்டுக்குப் பக்கத்தில் பிஸ்கற்றாகிவிடும். அதுவும் தீராந்தியின் நடுவில். வளைவு கூடுவது நடுவில்தான்.

"ஐயா, இதை இறக்கவேணும்."

"என்ன சொல்லுறாய்?"

"ஒட்டு நிக்காது. கொங்கிறீற் போட்டால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். கீழை ஆர் படுக்கிறது?"

வதனி கைபேசியைத் தாழ்த்திக் காட்டினாள். தண்டவாளத்துக்கு நேர் கீழே ஐயாவின் கட்டில். காற்று வருகிறதென்று அங்கே மாற்றிப் போட்டிருக்கிறார். கட்டிலில் வதனியின் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

"நாள் பாத்து, தேங்காய் உடைச்சு ஏத்தினது," என்றார் ஐயா. "ஆக்கள் இருக்கிற வீட்டிலை ஏத்தின தீராந்தியை இறக்கிறதோ? எங்கையாவது கேள்விப்பட்டனியோ? மரம் விழேக்கை முறியாதது இப்ப முறியுமோ?"

"அப்ப ஒட்டு இல்லை, ஐயா."

அவர் எழும்பிப் போய்விட்டார். கைபேசியில் வெறும் தகரம் தெரிந்தது.

5

அதற்குப் பிறகு ஆறு கிழமை நான் ஐயாவோடு இரும்பைப் பற்றித்தான் கதைத்தேன். வேறு எதைத் தொடங்கினாலும் அங்கேதான் வந்து முடிந்தது. ரூபன் பாவம், இரண்டு பக்கமும் இடி வாங்கினான். அவனிடம் சொல்லி ஒட்டுக்குக் கீழே பாலைமரத் தடியில் இரண்டு முட்டுக் கொடுக்கச் செய்தேன். கட்டிலை மாற்றச் சொன்னேன். ஐயா மாற்றவில்லை. முட்டுக் கொடுத்த தடியில் தன் சட்டையைக் கொளுவி வைத்தார்.

வேலையில் எனக்குக் கவனம் பிசகியது. புதிய கட்டடத்தின் எட்டாவது மாடியில் நிற்கும்போது கையிலிருந்த முறுக்குச் சாவி நழுவியது. கயிற்றில் கட்டியிருந்தபடியால் தொங்கி நின்றது. வெய்ன் என்னைக் கீழே அனுப்பிவிட்டான். "வீட்டில் என்ன?" என்று கேட்டான். எங்கள் வீட்டில் கூரை விழப்போகிறது என்றேன். எந்தத் தெரு என்று கேட்டான், உதவிக்கு வரத்தான். அழுகை வந்துவிட்டது.

அம்மா காலமானபோது நான் ஊருக்குப் போகவில்லை. குடியுரிமைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த நேரம். ஒரு கடிதம் வரவேண்டும், இன்னொரு கடிதத்துக்குப் பதில் போடவேண்டும் என்று நாள் கடந்தது. செத்தவீட்டைக் கைபேசியில்தான் பார்த்தேன். பிறகு கடிதங்களெல்லாம் வந்துவிட்டன, கடவுச்சீட்டும் வந்தது. அப்போதும் போகவில்லை. அம்மா இல்லாத வீட்டு வாசலில் போய் நிற்க எனக்கு முகம் இருக்கவில்லை. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. லீவு இல்லை என்று சொன்னேன்.

ஒரு ஞாயிறு, நான் ஐயாவோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது ஆரணி என் பக்கத்தில் வந்திருந்து கைபேசியை வாங்கி மேசையில் சாய்த்து வைத்தாள். ஒரு கையில் பிஸ்கற், மறு கையில் கம்பி.

"அப்பப்பா, இஞ்ச பாருங்கோ. பிஸ்கற் சொல்லாது. சும்மா உடையும்." முறித்தாள். "கம்பி சொல்லும். வளைஞ்சு சொல்லும். உங்கட ரெயில் பிஸ்கற், அப்பப்பா."

பேத்தி அவரோடு இவ்வளவு தமிழ் ஒருநாளும் பேசியதில்லை.

"கெட்டிக்காரி," என்றார் ஐயா. "சரி பிள்ளை, இறக்குவம். ஆனால் ஏத்தின தீராந்தியை இறக்கிறதெண்டால் வீட்டு மூத்த ஆம்பிளைப் பிள்ளை பக்கத்திலை நிக்கவேணும். உன்ரை அப்பனை வரச் சொல்லு."

அப்படியொரு சாத்திரம் எங்கள் ஊரில் இருந்ததாக எனக்குத் தெரியாது. வதனியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியாது. அவரே அந்த நிமிடத்தில் உண்டாக்கியிருக்க வேண்டும்.

இலங்கைக்குப் போக இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா, வணிகம் என்றெல்லாம் இருந்தது. தீராந்தி இறக்குவது எதற்குள் வரும் என்று சுகந்தியைக் கேட்டேன். சுற்றுலா என்று போட்டுவிட்டுப் பெட்டியை அடுக்கச் சொன்னாள். ஆரணி வரவில்லை. அவளுக்கு நீச்சல் முகாம் இருந்தது. அவள் யோசித்துப் பார்த்துத்தான் முகாமைத் தெரிந்தெடுத்தாள், எனக்கு அது வலித்தது. பதினாறு வருடமாக லீவு இல்லை என்று சொன்னவனின் மகள் வேறு எதைச் சொல்லுவாள்?

6

ஆடி மாதம். நல்ல காரியம் தொடங்கக்கூடாத மாதம். இறக்குவதற்குப் பரவாயில்லை, ஆவணியில் புதிதாக ஏற்றலாம் என்று ஐயா கணக்குப் பார்த்து வைத்திருந்தார். பஸ்ஸால் இறங்கியபோது அவர் வாசலில் நின்றார். என்னைவிட உயரம் என்று நினைத்திருந்த மனிதர் என் தோளுக்குக் கீழே நின்றார். "வந்திட்டியே," என்றார். நான் அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்தேன். அதற்குமேல் எழுத வரவில்லை.

மறுநாள் காலையில் இறக்கினோம். கிரேன் இல்லை. பாரம் தூக்கும் சங்கிலிப் புளொக் ஒன்றும், கயிறும், ஆறு பேரும். முதலில் ஐயா ஏணியில் ஏறி மஞ்சள் துணியை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டார். நான் தோளுயரப் பலகையில் நின்று சைகை காட்டினேன். ரொறன்ரோவில் கிரேன்காரனுக்குக் காட்டும் அதே கைச்சைகை. மெதுவாக, இன்னும் மெதுவாக, நிறுத்து. ரூபனின் கூட்டாளிகளுக்கு அது உடனே விளங்கிவிட்டது. எட்டடி உயரம்தான். ஆனால் நாற்பத்திரண்டாவது மாடியில் பிடிப்பதைவிட இறுக்கமாக மற்றக் கையால் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

தண்டவாளத்தை இரண்டு மரக்குற்றிகளின்மேல் வைத்தோம், முனைக்கு ஒன்றாக. பெரிய சுத்தியலை எடுத்து நடுவில், ஒட்டில், ஓங்கி ஓர் அடி போட்டேன். மணி அடித்தது போல ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது அடிக்கு வளையவில்லை, நெளியவில்லை. பட்டென்று இரண்டாகி மண்ணில் விழுந்தது. முறிந்த இடம் சீனிக் கட்டி போல மினுங்கியது.

வதனி பிள்ளைகள் இரண்டு பேரையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். ரூபன் தலையில் கை வைத்தபடி குந்திவிட்டான். ஐயா வந்து குனிந்து, முறிந்த வாயை விரலால் தடவிப் பார்த்தார்.

"இரும்பிலை பிழை இல்லை," என்றார். "ரெண்டாய்ப் போனதை நான் ஒட்டப் பாத்தது பிழை."

அவருடைய கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உருக்கு விட்டம் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம், சரியான அளவு நான் எழுதித் தருகிறேன், மேல் அறையைப் பயமில்லாமல் கட்டலாம் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குச் சமைத்துக் களைத்த வதனி குசினிக்குள்ளேயே சாய்ந்துவிட்டாள். வெய்யில் வெள்ளையாக நின்றது. வாய்க்கால் பக்கமிருந்து ஓர் உழவு இயந்திரத்தின் சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. ஐயா பாயை எடுத்துவந்து சீமெந்து நிலத்தில் விரித்தார்.

"படு. மேலை அறை முடிஞ்சிருந்தால் உன்னை அங்கை படுக்க விட்டிருப்பன்," என்றார்.

"எனக்கோ அந்த அறை?"

"பின்னை ஆருக்கு? வதனிக்குக் கீழை இடம் காணும். நீ அனுப்புற படமெல்லாம் பாக்கிறனான்தானே. மேகத்துக்குள்ளை நிண்டு பழகினவன். எங்கடை நிலத்திலை வந்து படுக்க நித்திரை வராது, ரெண்டு நாளிலை ஓடிப்போடுவாய். மேலை ஒரு அறை இருந்தால் ஒருவேளை கொஞ்ச நாள் நிப்பாயெண்டு நினைச்சனான்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பதினாறு வருடமாக நான் அனுப்பிய மேகங்களையெல்லாம் அடுக்கி வைத்துப் பார்த்து, அந்த மனிதர் எனக்கு ஓர் உயரம் கட்டத் தொடங்கியிருக்கிறார். தன் தலைக்கு நேரே.

"ஐயா," என்றேன். "எனக்கு உயரம் பயம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருநாளும் பயப்பிடாமல் ஏறினதில்லை. கனடாவிலை நான் மேலை படுக்கிறேல்லை. நிலத்துக்குக் கீழை ஒரு அறை இருக்கு, பங்கர் மாதிரி. அதுக்குள்ளைதான் படுக்கிறனான். அங்கைதான் நித்திரை வரும். உங்களுக்குச் சொல்லேல்லை. அம்மாவுக்கு வராததுக்கும் லீவு காரணமில்லை. எனக்கு முகம் இல்லை, ஐயா. அதையும் சொல்லேல்லை."

உழவு இயந்திரம் தூரத்தில் நின்றுவிட்டது. ஐயா முற்றத்தில் இரண்டாகக் கிடந்த தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன்.

"அப்ப அங்காலை தள்ளிப் படு," என்றார்.

நான் சுவரோரமாகத் தள்ளிப் படுத்தேன். எழுபத்தொன்பது வயது முழங்காலை மெதுவாக மடக்கி, சீமெந்தில் கையூன்றி, அவரும் கீழே வந்து பக்கத்தில் படுத்தார். வாசல் பக்கம்.